உறைந்த தேங்காயெண்ணெயும் கிளம்பாத வேனும்

ஊட்டியில் அன்று காலை முதலில் உறைந்தது தேங்காயெண்ணெய். ஊரிலிருந்து கொண்டுபோன புட்டி. முந்தின நாள் மதியம் மேட்டுப்பாளையத்தில் திறந்தபோதுகூடத் தண்ணீராகத்தான் இருந்தது. விடிந்து பார்த்தால் மெழுகுக்கட்டி. மாமியார் அதைத் தலைகீழாகப் பிடித்துக் காட்டி, "பாத்தீங்களா மாப்ளே, ஒரு சொட்டு விழ மாட்டேங்கு" என்றார்.

வெளியே நின்ற வேனின் கண்ணாடியில் வெள்ளை பூத்திருந்தது. மணவாளக்குறிச்சிக்காரனுக்கு வண்டிமேல் வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் அது கடற்காற்று கொண்டுவந்த உப்பு. துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும். இது துணிக்கு அசையவில்லை, தொட்ட விரலைக் கடித்தது. உறைபனி. சாவியைத் திருப்பினேன். செல்ஃப் மோட்டார், எழுப்பினால் புரண்டு படுக்கிறவனைப் போல, ஒரு முனகலோடு மெதுவாகச் சுற்றியது. இன்ஜின் பிடிக்கவில்லை.

வேன் பழைய மாருதி. 1984 டிசம்பரில் 'மாருதி வேன்' என்ற பெயரில் வந்து, பிறகு 'ஆம்னி' ஆனதே, அந்தக் குடும்பம். 796 சி.சி., மூன்று சிலிண்டர், பெட்ரோல், கார்ப்பரேட்டர். பின்னால் மெத்தை விரித்து, ஜன்னலுக்குத் திரை கட்டி, ஒரு ஸ்டவ்வும் குடமும் வைத்துக்கொண்டால் எங்களுக்கு அதுதான் ஓடும் வீடு. அப்போதே அதற்குப் பதினைந்து வயது தாண்டியிருந்தது. அதுவரை ஒரு நாளும் காலையில் மக்கர் செய்ததில்லை. செய்யாததற்குக் காரணம் வண்டியின் நற்குணம் என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊரின் வெப்பம் என்று ஊட்டியில்தான் தெரிந்தது. மணவாளக்குறிச்சியில் மார்கழி விடியற்காலையிலும் 22, 23 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். தேங்காயெண்ணெய் உறைவது 24 டிகிரியை ஒட்டி. ஆகவே எங்கள் வீட்டுப் புட்டி எப்போதாவது ஒரு விடியலில் லேசாகக் கலங்கும், அவ்வளவுதான்.

ஆனால் எண்ணெய் மாதிரி பெட்ரோல் உறைந்துபோகவில்லை. அது உறைய வேண்டுமானால் மைனஸ் 50க்கும் கீழே போக வேண்டும். ஊட்டியின் பூஜ்ஜிய டிகிரிக் காலையில் டேங்கில் கிடந்த பெட்ரோல், எங்கள் ஊர் நடுப்பகலில் இருப்பது போலவே நீர்த்துத்தான் இருந்தது. குழாயில் ஓடியது, பம்ப் அதை இழுத்துத் தந்தது, கார்ப்பரேட்டர் நிரம்பியது. பார்க்க எல்லாம் சரி. பிறகு ஏன் பிடிக்கவில்லை?

இன்ஜின் பெட்ரோலை எரிப்பதில்லை. பெட்ரோலின் ஆவியைத்தான் எரிக்கிறது. திரவமாக இருக்கிற பெட்ரோலுக்குள் தீப்பொறியை வைத்தால் அது அணையும். எரிவதற்கு ஆக்ஸிஜன் வேண்டும், திரவத்துக்குள் அது இல்லை. ஆவியாகிக் காற்றோடு கலந்த பிறகுதான் பற்றும். அதிலும் ஒரு அளவு உண்டு. கலவையின் பருமனில் பெட்ரோல் ஆவி ஏறத்தாழ 1.4 சதவீதத்துக்குக் குறைந்தால் பற்றாது, 7.6 சதவீதத்துக்கு மிஞ்சினாலும் பற்றாது. எடைக் கணக்கில் சொன்னால், 1 கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று. எங்கள் வேனின் ஒரு சிலிண்டர் முழு மூச்சு இழுத்தாலும் அதற்குத் தேவைப்படுவது சுமார் அரைச் சொட்டுப் பெட்ரோல். அந்த அரைச் சொட்டு ஆவியாக வேண்டும், கண் இமைக்கும் நேரத்துக்குள்.

இங்கேதான் குளிர் தன் வேலையைக் காட்டுகிறது. பெட்ரோல் ஒற்றைப் பொருள் அல்ல. நூற்றுக்கணக்கான ஹைட்ரோகார்பன்களின் கூட்டம். அதில் கொஞ்சம் பியூட்டேன் இருக்கிறது, சமையல் எரிவாயு சிலிண்டரிலும் இது உண்டு. பூஜ்ஜியம் டிகிரியிலேயே கொதித்துவிடும். பென்டேன் 36 டிகிரியில், ஹெக்சேன் 69இல், ஹெப்டேன் 98இல். கனமான கடைசிப் பங்குக்கு 200 டிகிரி வரை வேண்டும். கொடியில் துணி காயப் போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். மெல்லிய வேட்டி ஒரு மணி நேரத்தில் சரசரவென்று காய்ந்துவிடும். பக்கத்திலேயே அதே வெயிலில் கிடக்கும் ஜமக்காளம் சாயங்காலம் வரை சொதசொதவென்றிருக்கும். வெயில் நன்றாக அடித்தால் இரண்டும் காயும். மூடம் போட்ட நாளில் வேட்டி மட்டும். ஊட்டிக் காலையில் எங்கள் பெட்ரோலில் இருந்த 'வேட்டி'கள் மட்டும் ஆவியாயின. மீதி எல்லாம் ஈரமாகவே, இன்ஜினுக்குக் காற்று போகும் உலோகக் குழாயின் உட்சுவரில், குளித்து வந்தவன் முதுகில் நீர் வழிவது போல வழிந்துகொண்டிருந்தது. சிலிண்டருக்குள் போன காற்றில் ஆவி போதவில்லை. பொறி விழுந்தது, பற்ற அங்கே ஆவிதான் இல்லை.

அதிலும் என் டேங்கில் இருந்தது பாதி பழைய பெட்ரோல். வேன் எங்கள் முற்றத்தில் மாதக்கணக்கில் வெயிலில் நிற்கும். டேங்கின் காற்றுத் துளை வழியே முதலில் பறந்துபோவது எது? வேட்டிகள்தான். குளிரில் ஸ்டார்ட் ஆக எது வேண்டுமோ அதை வெயிலுக்குத் தாரை வார்த்துவிட்டு, ஜமக்காளத்தை மட்டும் ஊட்டிக்குக் கொண்டுபோயிருந்தேன். கடுங்குளிர் நாடுகளில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளே இதைக் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. குளிர்காலத்துக்கு விற்கும் பெட்ரோலில் பியூட்டேனைக் கூடுதலாகக் கலக்கிறார்கள், கோடைக்குக் குறைக்கிறார்கள்.

சரி, ஆவியாவது குறைவு என்றால் என்ன செய்வது? வழி முரட்டுத்தனமானது, ஆனால் சரியானது. நிறைய ஊற்று. நாலு பங்கு ஊற்றினால் அதில் ஒரு பங்காவது ஆவியாகும் அல்லவா? அதுதான் சோக்.

இந்தச் சொல்லில் ஒரு குழப்பம் உண்டு. நம் வீடுகளில் டியூப்லைட்டுக்கும் சோக் இருந்தது, ஸ்டார்ட்டரும் இருந்தது. குளிர்ந்த காலையில் அதுவும் கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். பெயர்ப் பொருத்தம் அபாரம், ஆனால் வேலை வேறு. டியூப்லைட் சோக் மின்சாரத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. கார்ப்பரேட்டர் சோக் காற்றின் கழுத்தைப் பிடிக்கிறது.

கார்ப்பரேட்டரின் நடுவில் ஒரு குறுகிய தொண்டை. காற்று அந்த இடுக்கில் வேகம் கூடிப் பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். அந்தக் குறைவு, பக்கத்துக் கிண்ணத்திலிருந்து பெட்ரோலை ஒரு நுண்துளை வழியே உறிஞ்சித் தூவும். காற்று எவ்வளவு வேகமோ அவ்வளவு பெட்ரோல். கணக்கு தானாக நடக்கும், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும் வரை. ஆனால் செல்ஃப் மோட்டார் மட்டும் சுற்றும்போது இன்ஜினின் வேகம் ஓடும் வேகத்தில் சிறு பங்குதான். காற்று சோம்பலாகப் போகிறது, பெட்ரோல் ஏறவே மாட்டேன் என்கிறது. குளிருக்கு அதிகம் வேண்டிய நேரத்தில் வருவதோ குறைவு. சோக்கை இழுத்தால், தொண்டைக்கு மேலே ஒரு தகட்டுக் கதவு மூடிக்கொள்ளும். பிஸ்டன்கள் இழுக்கும் இழுப்புக்குக் காற்று வர வழியில்லாமல், அந்த இழுப்பு முழுதும் பெட்ரோல் துளையின் மேல் விழும். இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சுகிற மாதிரி பெட்ரோல் பாய்ந்து வரும். இன்ஜின் பற்றியதும் சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ள வேண்டும். எவ்வளவு, எப்போது என்பது ஓட்டுநரின் காதுக்குத் தெரிய வேண்டும். இன்ஜின் சூடாகச் சூடாக ஜமக்காளமும் காய ஆரம்பிக்கும், கூடுதல் பெட்ரோல் தொல்லையாகிவிடும்.

என் காதுக்கு எதுவும் தெரியவில்லை. எங்கள் ஊரில் அந்தக் குமிழைத் தொட்டதே இல்லை. ஒரு தடவை பிடிக்கவில்லை என்றதும், பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதி மிதி என்று மிதித்தேன். பழைய கார்ப்பரேட்டர்களில் ஒவ்வொரு மிதிக்கும் பீச்சாங்குழல் போல ஒரு பீச்சு பெட்ரோல் அடிக்கும் சின்ன பம்ப் உண்டு. பத்து மிதி, பத்துப் பீச்சு. பிறகுதான் சோக் ஞாபகம் வந்து முழுதாக இழுத்துக்கொண்டு மறுபடி செல்ஃப். ஐந்தாம் தடவை பேட்டரியும் 'டக் டக்' என்று கைவிரித்தது.

தெருமுனையிலிருந்து ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்கள். மஃப்ளருக்குள் முகத்தை ஒளித்த இளைஞர். வேனுக்குப் பத்தடி முன்பே நின்று மூக்கை உறிஞ்சினார். "அண்ணா, மிதிச்சே மூழ்கடிச்சிட்டீங்க. பிளக் மூணும் குளிச்சிருக்கும்." முன்சீட்டைத் தூக்கினால் இன்ஜின்; அந்த வேனில் அதுதான் வசதி. பிளக்கைக் கழற்றினார், மூன்றும் சொட்டச் சொட்ட. பிளக்கின் இரண்டு முனைகளுக்கு நடுவே காற்று இருந்தால்தான் மின்சாரம் அதைத் துளைத்துப் பொறியாகப் பாயும். கரியும் பெட்ரோலும் சேர்ந்த ஈரம் பூசிய பீங்கான்மேல், அது பொறியாகாமல் ஓசைப்படாமல் நழுவிப் போய்விடும். துடைத்து, வெயில் படும் இடத்தில் காயவைத்தார். (அடுப்பில் பிளக்கைச் சுட்டு மாட்டுகிறவர்களும் உண்டு. பெட்ரோல் நெடி அடிக்கிற வண்டிப் பக்கம் நெருப்பைக் கொண்டுபோகிற எந்த யுக்தியையும் நான் ஏற்கமாட்டேன்.)

அவர் செய்த அடுத்த காரியம் எனக்கு வியப்பாக இருந்தது. பிளக்கை மாட்டிவிட்டு, சோக்கை முழுதும் உள்ளே தள்ளச் சொன்னார். ஆக்சிலேட்டரைத் தரையோடு அழுத்திப் பிடிக்கச் சொன்னார். "மிதிக்காதீங்க, அழுத்தி வச்சிருங்க." மிதிப்பதற்கும் அழுத்துவதற்கும் உள்ள வித்தியாசம்தான் அன்றைய பாடம். முழுதாகத் திறந்து வைத்தால் காற்று தடையில்லாமல் போகும், பெட்ரோல் துளையின் மேல் இழுப்பு குறையும், உள்ளே தேங்கிய ஈரத்தை வறண்ட காற்று அடித்துக்கொண்டு போகும். வேறொரு வண்டியின் பேட்டரியிலிருந்து வயர் போட்டு செல்ஃப் அடித்தோம். இருமியது, கரும்புகை கக்கியது, பிடித்துக்கொண்டது.

பேட்டரியின் மேல் எனக்கு அன்று கோபம். பிறகு படித்தபோது பரிதாபமாகிவிட்டது. ஈய அமில பேட்டரிக்குள் நடப்பது ஒரு வேதிவினை, குளிரில் எல்லா வேதிவினையும் மந்தமாகும். 27 டிகிரியில் தரக்கூடிய இழுதிறனில் பூஜ்ஜியம் டிகிரியில் மூன்றில் இரண்டு பங்கு தந்தால் பெரிது. தருவது குறைகிற அதே நேரத்தில் கேட்பது கூடுகிறது. இன்ஜின் ஆயில்தான் காரணம். எங்கள் ஊர் வெயிலுக்கு ஏற்றது என்று 20டபிள்யூ-50 ஊற்றியிருந்தேன். அந்த 'டபிள்யூ' குளிர்காலத்தைக் குறிப்பது. அதற்கு முன்னால் உள்ள எண் சின்னதாக இருக்க இருக்கக் குளிரில் ஆயில் இளகி ஓடும். 20டபிள்யூ-50 ஆயில், இன்ஜின் நன்றாகச் சூடான 100 டிகிரியில் இருப்பதைவிடப் பூஜ்ஜியத்தில் ஏறத்தாழ நூறு மடங்கு கெட்டி. தேங்காயெண்ணெய் போலக் கட்டியாவதில்லை, ஆனால் கருப்பட்டிப் பாகு போல இழுக்கும். அதற்குள் மூன்று பிஸ்டனையும் சுற்ற வேண்டும். செல்ஃப் மோட்டார் தன் பங்குக்கு மின்சாரத்தை அள்ளிக் குடிக்க, 12 வோல்ட் பத்துக்கும் கீழே சரியும். அதே பேட்டரியை நம்பித்தான் இக்னிஷன் காயிலும் இருக்கிறது. வோல்ட் சரிந்தால் பொறி மெலியும். மெதுவாகச் சுற்றுவதால் சிலிண்டரில் காற்றை அமுக்கும்போது உண்டாகும் சூடும் குறையும். ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கிற குறைகள் இவை. தனித்தனியாக வந்தால் வண்டி எதையும் சமாளித்துவிடும்.

செல்ஃப் என்ற ஒன்றே இல்லாத காலமும் இருந்தது. முன்னால் ஹேண்டிலைச் செருகி ஆள் சுற்ற வேண்டும். இன்ஜின் எதிர்ப்பக்கம் உதைத்தால் மணிக்கட்டு போய்விடும். சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்த மின் ஸ்டார்ட்டர் 1912ஆம் வருட காடிலாக் காரில் வந்த பிறகுதான் அந்த ஆபத்து விலகத் தொடங்கியது. நம் ஊர் அம்பாசடர்களில் அதற்குப் பிறகும் வெகுகாலம் ஹேண்டில் துணைக்கு இருந்தது. கல்யாண வீட்டு வாசலில் டிரைவர் ஹேண்டில் அடிப்பதைச் சுற்றி நின்று பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊட்டியில் இன்னொரு சங்கடம், உயரம். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் எங்கள் கடற்கரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுதான். காற்று நீர்த்திருக்கிறது, பெட்ரோல் துளையோ அதே அளவு. அதனால் மணவாளக்குறிச்சியில் சரிபார்த்த கார்ப்பரேட்டர் ஊட்டியில் தேவைக்குப் பத்து சதவீதத்துக்குச் சற்று மேல் கூடுதலாகவே பெட்ரோல் கலக்கும். இது குளிருக்கு நல்லதுதானே என்று தோன்றும். முதல் ஒரு நிமிடத்துக்கு நல்லது. பிறகு அதுவே கரும்புகையாகவும் மூச்சுத் திணறலாகவும் மாறும். மலையூர் மெக்கானிக்குகள் சமவெளி வண்டியைக் கேட்டவுடன் கண்டுபிடிப்பது இதை வைத்துத்தான்.

குன்னூருக்கு இறங்கும்போது மஞ்சு மூடியது. ஓடிக்கொண்டிருந்த இன்ஜின் தடுமாறியது. ஓரங்கட்டி சீட்டைத் தூக்கிப் பார்த்தால், இன்ஜின் சுடுகிறது, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும் கார்ப்பரேட்டரின் வெளிப்புறம் வியர்த்து வெள்ளை படர்ந்திருக்கிறது! அடுப்பின் மேல் ஐஸ். மண்பானைத் தண்ணீர் குளிர்வது எதனாலோ அதே காரணம்தான். திரவம் ஆவியாக வெப்பம் வேண்டும், அதைப் பக்கத்தில் இருக்கும் பொருளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். 1 கிலோ பெட்ரோல் ஆவியாகச் சுமார் 350 கிலோஜூல். அதைத் தன்னோடு கலந்த காற்றிடமிருந்து மட்டும் எடுத்தால் காற்றின் சூடு 20 டிகிரிவரை இறங்கும். வெளியே பத்து டிகிரி, மஞ்சின் ஈரம் வேறு. கார்ப்பரேட்டர் தொண்டையில் அந்த ஈரம் பனிக்கட்டியாகப் படிந்து வழியை அடைத்துக்கொள்ளும். சிறு விமான ஓட்டிகள் இதற்கு மிகவும் அஞ்சுவார்கள். பழைய கார்கள் பலவற்றில் காற்று வடிகட்டியின் மூக்கைக் கோடை, குளிர் என்று திருப்பி வைக்க வசதி உண்டு. குளிர்ப் பக்கம் திருப்பினால் புகைக்குழாயை ஒட்டிய வெதுவெதுப்பான காற்று உள்ளே போகும். பத்து நிமிடம் நின்றோம். இன்ஜினின் சூடே பனியைக் கரைத்துவிட்டது. எந்தத் தடயமும் மிஞ்சாத நோய் இது. மெக்கானிக்கிடம் கொண்டுபோய்க் காட்டும்போது வண்டி சரியாக இருக்கும்.

ஒரு காலத்தில் ஹிப்பிகள் வந்து தங்கிய கோவளம் எங்கள் ஊரிலிருந்து இரண்டு மணி நேரத் தூரம்தான். 1970களில் ஐரோப்பாவிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான் வழியாகத் தரைமார்க்கமாக இந்தியாவுக்கு வந்த ஹிப்பிகளின் வண்டிகளில் முக்கியமானது ஃபோக்ஸ்வாகன் வேன். உள்ளேயே படுக்கை, சமையல். உலகம் 'கேம்பர் வேன்' என்றால் நினைப்பது அதைத்தான். 1979இல் ஈரானில் புரட்சி, ஆப்கானிஸ்தானில் சோவியத் படை. அந்தப் பாதை மூடிக்கொண்டது. அதுவரை கடும் பனிக்கால மலைகளைக் கடந்து வந்தவை அந்த வேன்கள். காற்றால் குளிரும் இன்ஜின் என்பதால் ரேடியேட்டர் தண்ணீர் உறைந்து வெடிக்கும் பயம் இல்லை. அதன் பிற்கால வண்டிகளில் சோக்கும் தானியங்கி: கார்ப்பரேட்டர் ஓரத்தில் இரண்டு வேறு உலோகங்களை ஒட்டிய சுருள், குளிரில் ஒரு பக்கம் வளைந்து காற்றுக் கதவை மூடும், சூடேறினால் மறுபக்கம் வளைந்து திறக்கும். நம் இஸ்திரிப் பெட்டி அளவோடு சுட்டு நிற்பதும் அதே யுக்தியால்தான். அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யும் முறை: சாவியைத் தொடுமுன் ஆக்சிலேட்டரை ஒரே ஒரு தரம் முழுதாக மிதித்து விடு. கதவு தானாக மூடிக்கொள்ளும். ஒரு தரம். நான் மிதித்தது பத்து.

சோக் குமிழ் இந்தியக் கார்களிலிருந்து எப்படிக் காணாமல் போனது என்று பார்த்தால், எனக்கு எங்கள் ஊர் மணல் ஞாபகம் வருகிறது. மணவாளக்குறிச்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்தது அரிய மணல் ஆலை. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர், திருவிதாங்கூர்க் கரையிலிருந்து போன தேங்காய்நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டறிந்த கதையை இங்கே பலரும் சொல்வார்கள். தேங்காய் மறுபடி வந்துவிட்டது, பாருங்கள். அடுத்த சில ஆண்டுகளில் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் வேலை தொடங்கியது. அப்போது உலகுக்கு வேண்டியிருந்தது மோனசைட்டிலிருந்து வரும் தோரியம், பெட்ரோமாக்ஸ் விளக்கின் மேண்டிலுக்கு. 99 பங்கு தோரியம் ஆக்சைடுக்கு ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு சேர்த்தால்தான் அந்த வெள்ளை வெளிச்சம். சிகரெட் லைட்டரில் பொறி விடும் கல்லும் சீரியமும் இரும்பும் சேர்ந்த கலவைதான். மோனசைட், சிர்கான், இல்மனைட், ரூட்டைல், கார்னெட் எல்லாம் கலந்த அந்த மணலில்தான் நாங்கள் ஓடி விளையாடினோம்.

இன்றைய பெட்ரோல் கார்களின் புகைக்குழாயில் இந்தக் குடும்பத்தின் இருவர் இருக்கிறார்கள். ஒருவர் சிர்கோனியம். அதன் ஆக்சைடில் செய்த விரல் நுனி அளவுப் பீங்கான் குப்பி, புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் மிச்சம் என்று பார்த்துச் சொல்லும். பெட்ரோல் கூடியிருந்தால் சுமார் 0.9 வோல்ட், குறைந்திருந்தால் 0.1 வோல்ட். அதை வைத்துக் கணினி பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். 1976இல் வால்வோ காரில் முதலில் வந்தது. இன்னொருவர் சீரியம். புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கிப் பெட்டிக்குள், சீரியம் ஆக்சைடு ஆக்ஸிஜனை மிஞ்சும்போது சேர்த்து வைத்துத் தட்டுப்படும்போது எடுத்துக் கொடுக்கும். இந்தியாவில் 1995 ஏப்ரலில் நான்கு பெருநகரங்களில் புதுக் கார்களுக்கு அந்தப் பெட்டி கட்டாயமானது. ஈயம் அந்தப் பெட்டிக்கு விஷம், ஆகவே ஈயமில்லாப் பெட்ரோலும் கூடவே வந்தது. 2000 பிப்ரவரிக்குள் நாடு முழுவதும் ஈயப் பெட்ரோல் நின்றது. புகை விதிகள் இறுக இறுக, கார்ப்பரேட்டரின் தோராயக் கணக்கு செல்லாமல் போய், பெட்ரோலை அளந்து பீச்சும் முறை வந்தது. சோக் குமிழ் போனது.

ஆனால் ஒன்று. எங்கள் மணலின் இந்தப் பிள்ளைகள் இருவரும் குளிரில் வேலை செய்ய மாட்டார்கள். சிர்கோனியா குப்பி 300 டிகிரியைத் தாண்டினால்தான் பேசும். வினையூக்கிப் பெட்டியும் 250, 300 டிகிரிக்குச் சூடாக வேண்டும். அதுவரை முதல் ஒன்றிரண்டு நிமிடம் நவீனக் காரும் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓடுகிறது. இன்ஜின் தண்ணீரின் சூட்டைச் சொல்லும் ஒரு சின்ன உணரியை நம்பி, 'குளிர்கிறது, அதிகம் ஊற்று' என்று முடிவெடுக்கிறது. அதே பழைய சோக் கணக்கு. ஒரு சிறு பயணத்தில் காரிலிருந்து வெளியேறும் எரியாத பெட்ரோல் நச்சில் பெரும்பகுதி இந்த முதல் நிமிடங்களில்தான் போகிறது.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு இப்போது ஒரு புதுக் கவலை, எத்தனால். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்தான் இன்று பெட்ரோல் பங்க்குகளில் வருகிறது. எத்தனால் ஆவியாகப் பெட்ரோலைவிட இரண்டரை மடங்கு வெப்பம் கேட்கும். அதன் கொதிநிலை 78 டிகிரி, ஒரே புள்ளி; அதில் வேட்டியும் இல்லை ஜமக்காளமும் இல்லை, எல்லாம் நடுத்தரப் போர்வை. எரியக் காற்றும் குறைவாகப் போதும் என்பதால், பழைய கார்ப்பரேட்டர் கலக்கும் கலவை தானாகவே மெலிந்துவிடும். கணினி உள்ள கார் திருத்திக்கொள்ளும், எங்கள் வேனுக்கு அந்த அறிவு கிடையாது. பிரேசிலில் முழு எத்தனாலில் ஓடிய கார்களில், குளிர்ந்த காலைக்கென்று தனியாக ஒரு சின்னப் பெட்ரோல் டேங்க் வைத்திருந்தார்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு மட்டும் அதிலிருந்து ஒரு வாய்.

கார்ப்பரேட்டர் வேனில் மார்கழி, தை மாதத்தில் மலை ஏறுகிறவர்கள் புறப்படும் அன்றே புதுப் பெட்ரோல் போடுங்கள். காலையில் விளக்கு, மின்விசிறி, பாட்டு எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கிளட்சை மிதித்துப் பிடியுங்கள். கியர்பாக்ஸ் ஆயிலும் பாகாகத்தான் இருக்கும், அதையும் சேர்த்துச் சுற்ற வேண்டாம். சோக் முழுதாக, ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல், ஐந்தாறு விநாடி செல்ஃப். பிடிக்காவிட்டால் அரை நிமிடம் பேட்டரியை மூச்சு விடவிட்டு மறுபடி. பெட்ரோல் நெடி அடித்தால் சோக்கைத் தள்ளி, ஆக்சிலேட்டரை அழுத்தி வைத்து அடியுங்கள். பிடித்ததும் ஒரு நிமிடத்தில் பாதி, அடுத்த இரண்டு மூன்று நிமிடத்தில் முழுதும் சோக்கை உள்ளே தள்ளிவிடுங்கள். இழுத்தபடியே மறந்து ஓட்டினால், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவரில் இருக்கும் ஆயிலைக் கழுவிக்கொண்டு போய் ரிங்கைத் தேய்க்கும்.

இதில் ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். வேனுக்குள்ளேயே படுக்கிறவர்கள், குளிர் தாங்கவில்லை என்று இன்ஜினை ஓடவிட்டுக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தூங்கிவிடாதீர்கள். பெட்ரோல் கூடின கலவை எரியும்போது கார்பன் மோனாக்சைடு ஏராளமாக வரும். நிறம் கிடையாது, மணம் கிடையாது. நம் ரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அதைப் பிடித்துக்கொள்ளும். கடற்கரை ஊர் வண்டிகளின் தரைத்தகடும் புகைக்குழாயும் உப்புக்காற்றில் எத்தனை இடத்தில் ஓட்டை விழுந்திருக்கிறதென்று உங்களுக்கே தெரியாது. கரி அடுப்பை உள்ளே வைத்துக் குளிர் காய்வதும் இதே கதைதான். இரண்டு கம்பளி கூடுதலாகக் கொண்டுபோங்கள், கண்ணாடியை இரண்டு விரல் கடை இறக்கி வையுங்கள், சாவியைக் கழற்றித் தலையணைக்குக் கீழே போட்டுக்கொண்டு தூங்குங்கள்.